பழைய பத்திரிகை அட்டைகள்: ஃபிரேம் போட்டு விற்பதை வாங்கலாமா?

கேள்வி (கோவை வாசகர்), 2-9-2023

இங்கே ஒரு கண்காட்சியில் 1950-களின் பத்திரிகை அட்டைகளைத் தனித்தனியாக ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்று 1800 ரூபாய். உள்ளே இருந்த பக்கங்கள் எங்கே என்று கேட்டேன். “அது எதுக்கு சார், வெறும் கதையும் விளம்பரமும்” என்றார்கள். எனக்கும் ஓவியம்தான் வேண்டும், உட்கார்ந்து படிக்கப் போவதில்லை. அட்டைக்குத்தானே மதிப்பு? வாங்கலாமா?

2-9-2023, இரவு

வாங்காதீர்கள்.

2-9-2023, சாப்பிட்டுவிட்டு வந்து

ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டேன் என்று தனிச்செய்தியில் சண்டைக்கு வந்திருக்கிறார் கேள்வி கேட்ட கோவைத் தம்பி. சரி, காரணம் சொல்கிறேன்.

பழைய தீபாவளி மலர்களும் வார இதழ்களும் அட்டையில் படத்தைப் போட்டுவிட்டு, அது என்ன படம் என்ற விஷயத்தை உள்ளே வைத்திருக்கும். ‘அட்டைப்பட விளக்கம்’ என்று ஒரு சின்னப் பத்தி. எந்தக் கோயில், எந்தப் புராணக் கட்டம், யார் வரைந்தது எல்லாம் அதில் கிடைக்கும். அட்டையை மட்டும் உருவி எடுத்தவர் அந்தப் பத்தியை எடைக்குப் போட்டுவிட்டார். இனி அந்தப் படத்தில் இருப்பது மீனாட்சியா காமாட்சியா என்று நீங்கள் கையில் கிளி இருக்கிறதா, கரும்பு இருக்கிறதா என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று, ஃபிரேம் போடுகிறவர்கள் ஓரத்தை வெட்டுவார்கள். ஓவியர் கையெழுத்து பெரும்பாலும் கீழ் ஓரத்தில்தான் இருக்கும்.

3-9-2023

“அவர் காசு, அவர் சுவர், உங்களுக்கென்ன” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கொன்றுமில்லை. ஆனால் விகடன் அட்டை என்றால் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆனந்த விகடனில் அட்டையிலேயே ஒரு ஜோக் போடுவார்கள். முழுப்பக்க வண்ணப்படம், அடியில் ஒன்றிரண்டு வரி வசனம். ஓவியர்கள் மாலி தொடங்கி கோபுலு வரை அதில் வெளுத்து வாங்கியிருக்கிறார்கள். சென்னையில் ஒரு கடையில் அந்த வசனத்தை வெட்டி எறிந்துவிட்டு, மேலே இருந்த படத்தை மட்டும் கண்ணாடிக்குள் வைத்திருந்ததைப் பார்த்தேன். மாமியார் கையில் கரண்டி, மருமகன் வாசலில் குடையோடு நிற்கிறார். அவ்வளவுதான். என்ன நடந்தது? யாருக்குத் தெரியும்! கடைக்காரர் அசரவில்லை, “கோபுலு சைலன்ட் ஜோக் சார், ரேர்” என்றார். கோபுலு வசனமே இல்லாத ஜோக்குகள் வரைந்தவர்தான். அந்தப் புகழைத் தோளில் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலால் புதிய மௌன ஜோக் உற்பத்தி செய்கிறார்கள்.

3-9-2023, மாலை

மதுரைக்காரர் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார்: “அட்டையோடு முழு இதழ் எங்கே கிடைக்கிறது? நான் பார்த்ததெல்லாம் அட்டை இல்லாத பைண்டு வால்யூம்தான்.”

இதுதான் இந்தச் சேகரிப்பில் இருக்கிற பெரிய வேடிக்கை. பத்திரிகைக்காரர்கள் அதிகமாகச் செலவழித்தது அட்டைக்கு. மூன்று வண்ண பிளாக், உயர்ந்த காகிதம், பேர் பெற்ற ஓவியர். வீட்டில் முதலில் கிழிந்தது அதே அட்டைதான்.

என் அத்தை தொடர்கதைப் பைத்தியம். வாரம் வந்ததும் மொத்தமாகப் படிப்பாள், அப்புறம் நடுப்பின்னைக் கத்தி முனையால் நிமிர்த்தி, தொடர்கதைத் தாள்களை மட்டும் உருவி, கொடியில் துணி காயப்போடுகிற நிதானத்தோடு வரிசையாக அடுக்குவாள். கதை முடிந்ததும் பைண்டரிடம் போகும். பைண்டர் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் வெட்டி, காலிகோத் துணியில் முதுகு ஒட்டி, மார்பிள் தாள் போட்டுத் தருவார். கல்கியில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் இப்படித்தான் எத்தனையோ வீடுகளில் தங்கியது. பிரித்துப் பாருங்கள், ஓவியர் மணியம் வரைந்த படங்கள் அத்தனையும் உள்ளே இருக்கும். வந்தியத்தேவன் குதிரையோடு இருப்பான், நந்தினி இருப்பாள். அட்டை ஒன்றுகூட இருக்காது.

அத்தையிடம் ஒருமுறை கேட்டேன், அட்டையையெல்லாம் என்ன செய்தாய் என்று. “நல்லதா இருந்தா உன் அப்பனுக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தேன், மிச்சம் அரிசி டின்னுக்கு அடியில விரிச்சேன்” என்றாள்.

5-9-2023

அரிசி டின் பதிவுக்கு நிறையப் பேர் தங்கள் வீட்டுக் கதைகளை அனுப்பியிருக்கிறீர்கள். அலமாரித் தட்டில் விரித்தது, பட்டுப் புடவை மடிப்புக்குள் வைத்தது, ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் ஒட்டியது. வாடகை நூலகம் நடத்திய ஒருவரின் மகள் எழுதியிருக்கிறார்: அவர் அப்பா ரப்பர் ஸ்டாம்பை எப்போதும் அட்டைப்படப் பெண்ணின் நெற்றியில்தான் குத்துவாராம். ஓரத்தில் குத்தினால் கிழித்துவிடுவார்கள், முகத்தில் குத்தினால் திருட மனசு வராது என்பது கணக்கு. என்னிடமும் அப்படி ஒரு கல்கி இருக்கிறது. அழகான முகம், புருவத்துக்கு மேலே ஊதா மையில் வட்டமாக ஒரு வாசகசாலை முத்திரை. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த முத்திரை இல்லாத பிரதி கிடைத்தாலும் மாற்றிக்கொள்வேனா என்று சந்தேகம்தான்.

6-9-2023

முதலில் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ‘வாங்காதீர்கள்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது.

ஃபிரேம் போடுவது கண்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. தீபாவளி மலர் அட்டையில் முருகனோ அம்பாளோ வந்தால் அதைக் கிழித்துச் சட்டம் போட்டு பூஜை அறையில் மாட்டுவது சர்வசாதாரணம். கோவில்பட்டி கொண்டையராஜு பாணி காலண்டர் சாமிகளுக்குப் பக்கத்திலேயே மலர் அட்டைச் சாமிகளும் சந்தனப் பொட்டோடு தொங்கினார்கள். கே. மாதவன், எஸ். ராஜம் போன்ற ஓவியர்களின் அட்டைகள் சில இன்றைக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சட்டங்களுக்குள்தான். இதழ் எப்போதோ பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும், சாமி தப்பித்திருப்பார். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே ஊதுபத்திப் புகை இறங்கி மஞ்சளாகியிருக்கும், அது வேறு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண், கதவு, எனாமல் தூக்குவாளி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அங்கே ஒரு உடைந்த கண்ணாடிச் சட்டத்தை, சட்டத்தின் தேக்குக்காக வாங்கினேன். பின்பலகையைப் பிரித்தால் லட்சுமி படத்துக்குப் பின்னால் திண்டு கொடுக்க நாலைந்து காகிதங்கள். அதில் இரண்டு, பத்திரிகை அட்டைகள். வெளிச்சமே படாததால் சிவப்பு அப்படியே ரத்தச் சிவப்பாக இருந்தது. வெயிலில் மாட்டிய அட்டைகளில் முதலில் போவது சிவப்பும் மஞ்சளும்தான். நீலம் மட்டும் மிஞ்சி எல்லா நாயகிகளும் ராமர் நிறத்துக்கு வந்துவிடுவார்கள். முன்னால் இருந்த லட்சுமி அப்படித்தான் இருந்தாள்.

ஆக, முழு இதழிலிருந்து இன்றைக்குக் கிழித்தது என்றால் வாங்காதீர்கள். எப்போதோ பிரிந்து வந்த தனி அட்டை என்றால் தாராளமாக வாங்கலாம். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பீர்கள். பின் குத்தியிருந்த ஓரத்தைப் பாருங்கள். புதிதாகக் கிழித்த ஓரம் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். எழுபது வருஷத்துக்கு முன் கிழித்த ஓரம் மற்ற மூன்று ஓரங்களைப் போலவே பழுப்பாகியிருக்கும். பின் இருந்த ஓட்டையைச் சுற்றித் துருக்கறை இருக்கும்.

6-9-2023, இரவு

கோவைத் தம்பிக்கு: கண்காட்சிக்காரரிடம் ஃபிரேமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

8-9-2023

திறந்து காட்டினாராம். பின்பக்கம் வெள்ளை. ஒன்றுமே அச்சாகவில்லை!

அட்டையின் உள்பக்கத்தை அந்தக் காலத்தில் யாரும் சும்மா விடமாட்டார்கள். பத்திரிகைக்கு வருமானமே அங்கேதான். அமிர்தாஞ்சன், லக்ஸ் சோப்புக்கு ஒரு நட்சத்திரம், ஏதாவது ஒன்று இருந்தே தீரும். பின்பக்கம் வெள்ளை என்றால் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டியது என்று எடுத்துக்கொள்ளலாம். டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்தால் தாள் அருமையாகப் பழுத்துவிடும், மோந்து பார்த்தால் சில சமயம் டீ வாசனைகூட வரும். சிரிக்காதீர்கள், நான் மோந்து பார்த்திருக்கிறேன்.

தம்பி 1800 ரூபாய் தப்பித்தார். பார்ட்டி வைக்க வேண்டும்.

9-9-2023

அட்டை அசலா நகலா என்று பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும் என்பேன். அது எதற்கு என்று கேட்டவருக்கு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே அது போதும்.

அப்போதைய வண்ண அட்டைகள் ஹாஃப்டோன் பிளாக்கில் அடித்தவை. ஓவியத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் புள்ளி புள்ளியாக அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்து, மிஷினில் ஏற்றுவார்கள். மஞ்சள் ஒரு தடவை, சிவப்பு ஒரு தடவை, நீலம் ஒரு தடவை. கறுப்பும் சேர்ந்தால் நாலு. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் காகிதத்தில் அழுந்தியிருக்கும். மை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, புள்ளியைச் சுற்றிக் கரை கட்டியதுபோல ஒரு அடர்ந்த விளிம்பு தெரியும். பின்னால் வந்த ஆஃப்செட் அச்சில் அந்த விளிம்பு இருக்காது, புள்ளி சமமாகப் படிந்திருக்கும். இன்றைய இங்க்ஜெட்டில் ஒழுங்கான புள்ளி வரிசையே கிடையாது, மண் தூவியதுபோல இருக்கும். இந்த மூன்றையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

ரெஜிஸ்டர், அதாவது வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருவது, விலகினால் வேடிக்கைதான். சிவப்புத் தகடு ஒரு நூல் நகர்ந்தாலும் உதட்டுச் சாயம் கன்னத்துக்குப் போய்விடும். என்னிடம் யுத்தக் காலத்து இதழ் ஒன்றில் அம்மாளின் குங்குமம் நெற்றியை விட்டுக் கூந்தலுக்குள் ஏறி நிற்கிறது. மூக்குத்தி மூக்குக்கு வெளியே தனியாக மிதக்கிறது. அந்த வாரம் வாங்கிய எத்தனையோ பேர் வீட்டில் இதே மூக்குத்தி இப்படியே மிதந்திருக்காது. விலகல் ஓட்டத்தின் நடுவில் கூடும் குறையும், மிஷின்மேன் பார்த்துச் சரிசெய்வார். ஒரே வாரத்து இதழ் இரண்டு கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றுபோல ஒன்று இருக்காது.

9-9-2023, பிற்சேர்க்கை

யுத்தக் காலத்து இதழ்கள் மெலிந்திருக்கிறதே, பக்கம் காணாமல் போயிருக்கிறதா என்று ஒருவர் பயந்திருக்கிறார். இல்லை. காகிதத் தட்டுப்பாடு. பக்க எண்ணை வரிசையாகப் பாருங்கள், சரியாக இருந்தால் இதழ் முழுசுதான். அந்தக் காலத்துத் தாள் மட்டமானது என்பதால் தொட்டால் உதிரும். அதனால்தான் நாற்பதுகளின் நடுப்பகுதி இதழ்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

12-9-2023

தேதி இல்லாத தனி அட்டைக்குக் காலம் கணிப்பது எப்படி? விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால். அன்றைக்குத்தான் நயா பைசா வந்தது. ‘ந.பை.’ என்று இருந்தால் அதற்குப் பிறகு, 1964 ஜூன் வரை. அப்புறம் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா. பழக்கதோஷத்தில் சில மாதம் இரண்டையும் போட்டவர்களும் உண்டு, அதனால் எல்லைக்கோட்டில் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்காதீர்கள்.

தீபாவளி மலர்களில் தமிழ் வருஷம் போட்டிருக்கும். ‘விய’ என்றால் 1946, ‘சர்வஜித்’ என்றால் 1947. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை பெயர் திரும்பும், 2007-ம் சர்வஜித்தான். ஆனால் 1947 மலரையும் 2007 மலரையும் குழப்பிக்கொள்கிறவர் இந்தப் பொழுதுபோக்குக்கு வரவேண்டாம்.

எழுத்து இன்னொரு துப்பு. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. ஐகாரக் கொம்பு யானைத் துதிக்கைபோல வளைந்த பழைய லை, னை, ணை எல்லாம் அப்புறம் போனவை. பத்திரிகைகள் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆகவே பழைய எழுத்து இருந்தால் நிச்சயம் பழசு என்று சொல்ல முடியாது. புதிய எழுத்து இருந்தால் நிச்சயம் ஐம்பதுகள் இல்லை என்று சொல்லலாம். பொதுவாக, பெரியார் நடத்திய விடுதலையைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அவர் முப்பதுகளிலேயே சீர்திருத்த எழுத்துக்குப் போய்விட்டார்.

13-9-2023

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். மாலி, கோபுலு, சில்பி. மூன்றும் புனைபெயர். மாலி என்பவர் டி.ஆர். மகாலிங்கம். (பாடகர் நடிகர் டி.ஆர். மகாலிங்கமும் இல்லை, புல்லாங்குழல் மாலியும் இல்லை. இந்தக் குழப்பம் வாரத்துக்கு ஒருமுறை வருகிறது.) எஸ். கோபாலனைக் கோபுலு ஆக்கியவரும், பி.எம். ஸ்ரீநிவாசனைச் சில்பி ஆக்கியவரும் மாலிதான். சில்பி கோயில் கோயிலாகப் போய் அங்கேயே உட்கார்ந்து சிற்பங்களை வரைந்தவர். விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று பல வருஷம் வந்தது. அந்தத் தாள்களைத் தனியாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அட்டையைவிட ஒசத்தி, ஆனால் இங்கே பேச்சு அட்டையைப் பற்றியது, அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

எஸ். ராஜம் பற்றி ஒருவர் கேட்டார். ஆமாம், கர்நாடக சங்கீத வித்வான் ராஜம் அவரேதான். வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். 1934-ல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராமராக நடித்தவர். பல சபாக்களில் மாட்டியிருக்கும் சங்கீத மும்மூர்த்திகள் படமும் அவர் கைவண்ணம். அவருடைய அட்டை என்றால் நீண்ட கண்ணும் ஒல்லி விரலும் அஜந்தாவை ஞாபகப்படுத்தும், கையெழுத்து இல்லாமலே அடையாளம் தெரிந்துவிடும்.

15-9-2023

ஜூலைக் கடைசியில் ஓவியர் மாருதி காலமானார். அப்போதிருந்து அவர் வரைந்த மாத நாவல் அட்டைகளின் விலை ஏறிவிட்டது. பத்து ரூபாய்க்குக் கட்டாகக் கிடந்ததைத் தனித்தனிப் பாலித்தீன் உறையில் போட்டு இருநூறு என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. ஒருவர் இறந்த செய்தியைப் பார்த்துவிட்டு லேபிளை மாற்றும் வேகம்!

ஆனாலும் ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். இருநூறு ரூபாய் ஆனதால் இனிமேல் அதை யாரும் எடைக்குப் போடமாட்டார்கள். அவருடைய பெண்களின் முகங்களை, அந்த ஈரக் கண்களை, ரயில் நிலையக் கடைகளில் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது பெரிய விஷயம். மாலி, மணியம் என்று ஐம்பதுகளோடு நின்றுவிடுகிற சேகரிப்பாளர்கள் எழுபது எண்பதுகளை அலட்சியம் செய்கிறார்கள். கடல் புறா தொடருக்கு ஓவியர் லதா வரைந்தது, ஜெயராஜின் துடுக்கான நாகரிகப் பெண்கள் எல்லாம் இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும். பத்து வருஷம் கழித்துத் தேடுவீர்கள்.

16-9-2023

“ஜெயராஜ் படமெல்லாம் வீட்டில் வைக்க முடியுமா” என்று ஒரு பெரியவர். ஐயா, வீட்டில் வைக்க முடியாது என்று சொன்னவர்கள் வீட்டிலிருந்துதான் எனக்கு அத்தனையும் வந்தது.

19-9-2023

சிறுவர் பத்திரிகை அம்புலிமாமா பற்றிய கேள்வி. வந்தே தீரும் என்று எதிர்பார்த்தேன்.

1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் சேர்ந்தே தொடங்கியது. நாகிரெட்டியும் சக்ரபாணியும் நடத்தியது. அட்டைகளில் எனக்குப் பிடித்தவர் வட்டாதி பாப்பையா. ஸ்ரீகாகுளத்துக்காரர், தெலுங்கு எழுத்தில் ‘வ.பா’ என்று கையெழுத்துப் போடுவார். சின்ன வயதில் அது ஏதோ பூச்சி வரைந்திருக்கிறார் என்று நினைத்தேன். வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமன் கத்தியோடு நடக்கும் படத்தை வரைந்தவர் சங்கர், கே.சி. சிவசங்கரன். 2020-ல் காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு நல்ல விஷயம்: பல மொழிப் பதிப்புகளுக்கும் படங்கள் பொது. தமிழ்ப் பிரதி அட்டை கிடைக்காவிட்டால் தெலுங்கு ‘சந்தமாமா’வில் தேடலாம். விஜயவாடா, ஹைதராபாத் பழைய புத்தகக் கடைகளில் விலை சில சமயம் பாதிதான். இப்படித் தெலுங்கு அட்டையை வாங்கித் தமிழ்த் தொகுப்பில் செருகுவது தர்மமா என்று ஒரு சண்டை நடக்கும். எனக்குத் தர்மம்தான். படம் ஒன்றுதானே. தூய்மைவாதிகள் மன்னிக்கவும்.

20-9-2023

தூய்மைவாதிகள் மன்னிக்கவில்லை. ‘அப்படியானால் அட்டை மட்டும் போதும் என்ற கோவைத் தம்பிக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்’ என்று மடக்கியிருக்கிறார்கள். நல்ல அடி.

வித்தியாசம் இருக்கிறது, நான் கிழிக்கவில்லை. தெலுங்கு இதழை முழுசாகவே வாங்கி முழுசாகவே வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. வீட்டில் இதைச் சொன்னால் கிடைக்கிற பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை.

24-9-2023

பூச்சி. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண்.

புதிதாக வந்த எதையும் நேராக அலமாரியில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சி ஒரு இதழில் இருந்தால் போதும், பெயருக்கேற்றபடி முதல் அட்டையில் நுழைந்து கடைசி அட்டை வழியாக வெளியேறும். நூலகங்களில் உறையவைத்துக் கொல்கிறார்கள். வீட்டிலும் செய்யலாம். இதழைப் பாலித்தீன் பையில் போட்டுக் காற்று போகாமல் ஒட்டி, ஃபிரீசரில் இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான், இல்லாவிட்டால் தாளில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். என் வீட்டு ஃபிரீசரில் பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே எப்போதும் யாராவது ஒரு ஓவியர் படுத்திருப்பார்.

பைண்டு வால்யூம்களில் இன்னொரு தொல்லை. ஒட்டியிருப்பது மைதாப் பசை. அனுபவமுள்ள பைண்டர்கள் காய்ச்சும்போதே மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அண்டாது. துத்தம் போடாத பசை என்றால் கரப்பானுக்குக் கல்யாண விருந்து.

செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் டேப் உரிந்துவிடும், பசை மட்டும் தேன் நிறத்தில் தங்கும், அதை எந்தச் சக்தியாலும் எடுக்க முடியாது. லாமினேஷன் அதைவிட மோசம். கிழிசலை ஒட்டியே ஆகவேண்டும் என்றால் மெல்லிய டிஷ்யூத் தாளும் மைதாவோ ஸ்டார்ச்சோ காய்ச்சிய தண்ணிப் பசையும், அதுவும் பின்பக்கத்தில். துருப்பிடித்த பின்னை இழுக்காதீர்கள். நடுப்பக்கத்தில் கால்களை நிமிர்த்தி, முதுகுப்பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். நிறுத்தி வைக்காமல் படுக்கவைத்து அடுக்குங்கள்.

அந்துருண்டை? வாசனைக்கு நமக்குத்தான் தலைவலி வரும். வசம்பு போட்டுப் பார்த்தேன். கெடுதல் ஒன்றும் தெரியவில்லை, பலன் தெரிந்ததா என்றால் அதுவும் சொல்லத் தெரியவில்லை.

30-9-2023

சென்னையில் பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் நாட்களைப் பற்றி மூத்தவர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். 1985 மே 30 இரவு எரிந்தது. அங்கே எத்தனை வருஷத்துப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. இப்போது அந்த இடத்தில் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம்.

அதற்குப் பதிலாக ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். தொழில் விளம்பரப் பலகை எழுதுவது. அச்சான எதையும் விடமாட்டார். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, சிதறாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அட்டையோடு இருக்கும் பழைய இதழைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் காசு செலவழிக்கும் முன் அங்கே ஒரு நாள் போய் உட்காருங்கள். என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெளிவாகிவிடும்.

1-10-2023

பைண்டு வால்யூமைப் பிரித்து இதழ் இதழாக ஆக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆக்காதீர்கள். மூன்று பக்கமும் வெட்டியாகிவிட்டது, முதுகைத் தையல் துளைத்துவிட்டது. பிரித்தால் உங்களுக்குக் கிடைப்பது உதிரித் தாள். அத்தை கட்டியது அத்தை கட்டியபடியே இருக்கட்டும்.

ஆனால் பிரிக்காமலே நன்றாகப் புரட்டிப் பாருங்கள். சில பைண்டர்கள் முதல் தாளுக்கு வலு சேர்க்க, கைக்கு அகப்பட்ட தடித்த காகிதத்தை உள்ளட்டையில் ஒட்டுவார்கள். கைக்கு அகப்பட்டது பெரும்பாலும் பத்திரிகை அட்டை! மார்பிள் தாள் உரிந்த மூலையில் வண்ணம் எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். திருச்சி நண்பர் ஒருவர் இப்படி ஒரு தீபாவளி மலர் அட்டையின் பாதியைக் கண்டுபிடித்தார். மயில் இருக்கிறது, முருகன் இல்லை. மறுபாதி அதே பைண்டர் கட்டிய வேறு யார் வீட்டு வால்யூமுக்குள்ளோ இருக்க வேண்டும். அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கறுப்புக் காலிகோ முதுகு, பச்சை மார்பிள் தாள் போட்ட பழைய திருச்சி பைண்டிங் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

4-10-2023

கோவைத் தம்பி முழு இதழ் ஒன்று வாங்கிவிட்டாராம். 1956 கல்கி, அட்டை முழுசு, கீழ் மூலையில் எலி கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறது. எழுநூறு ரூபாய். விலை சரியா என்கிறார். எலியைக் கழித்துக்கொண்டால் ஐந்நூறு கொடுத்திருக்கலாம், பரவாயில்லை. படிக்கப் போவதில்லை என்று சொன்னவர் உள்ளே வந்த தொடரின் அடுத்த அத்தியாயம் எந்த இதழில் என்று கேட்கிறார்!

5-10-2023

மாற்றிக்கொள்ள என்னிடம் இரட்டையாக இருப்பவை: எழுபதுகளின் அம்புலிமாமா ஒரு கட்டு (சிலவற்றில் பின்னட்டை இல்லை), லதா அட்டை போட்ட மாத நாவல்கள், முத்திரை குத்திய வாசகசாலைப் பிரதிகள். எனக்கு வேண்டியது நாற்பதுகளின் விகடன், வசனத்தோடு. அனுப்புகிறவர்கள் தயவுசெய்து சுருட்டிக் குழாயில் போடாதீர்கள், இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள். தபால் செலவு என்னுடையது.